நேர்த்திக் காசு

சாமியறைக் கதவைத் திறந்தபோது முருகன் படத்தடியில் இருந்த மஞ்சள் முடிச்சைக் காணவில்லை. யார் எடுத்திருப்பார் என்று யோசிக்கவே தேவையில்லை. எங்கள் பிளாக்டவுன் வீட்டில் காசைக் கண்டால் கை சும்மா இருக்காத மனிதர் ஒருவர்தான் உண்டு. என்னைக் கட்டியவர்.

கேதீஸ்வரனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்துச் சில வருடங்களாகின்றன. நாணயசாலையில் பிழையாக அச்சாகி, சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் காசு ஒன்று என்றைக்காவது தன் கையில் சிக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். வங்கியில் சில்லறை மாற்றி வருவார், குசினிச் சாப்பாட்டு மேசையில் கொட்டுவார், பூதக்கண்ணாடியோடு குனிந்துவிடுவார். உடுப்புக் காயவிடும் மெஷினுக்குள் மாட்டி ஓரம் சுருண்ட காசு, கார் ஏறி நசுங்கிய காசு, கடற்கரை மண்ணில் கிடந்து கறுத்த காசு என்று வகைவகையாக அகப்படும். அச்சிலேயே பிழையான காசு மட்டும் இன்றுவரை அகப்படவில்லை. மேசையைத் துடைத்துத் துடைத்தே எனக்கு அலுத்துவிட்டது.

அதையெல்லாம் பொறுத்தேன். முடிச்சில் கை வைத்ததை எப்படிப் பொறுப்பது? அது என் தம்பி கஜீவனுக்காக நேர்ந்தது. இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவன். வந்த நாளிலிருந்து தற்காலிக விசாவில் இழுபடுகிறான். அவனுக்கு நிரந்தர விசா கிடைத்ததும் கோயில் உண்டியலில் போடுகிறேன் என்று இரண்டு டொலர்க் காசுக் குற்றி ஒன்றை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்து வைத்தேன். வெள்ளிக்கு வெள்ளி மஞ்சள்தண்ணீர் தெளிப்பேன். காரியம் ஆகும்வரை நேர்த்தி முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

குசினிக்குப் போனேன். கேதீஸ் மேசை விளக்கின் கீழே காசைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கஜீவன் எதிர்க் கதிரையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் அவிழ்த்தனீங்கள்?"

"கோவிக்காதையும் நிரஞ்சினி. முடிச்சு இடுக்கால காசு செம்புச் சிவப்பாத் தெரிஞ்சுது. வேற உலோகத்தில அடிச்சிட்டாங்களாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கோபத்திலும் எனக்கு ஆசை வந்தது. அப்படியொரு காசு என்றால் தம்பிக்கு நல்ல லோயர் பிடிக்கலாமே.

"அப்பிடியோ?"

"இல்லையப்பா. நிறுத்துப் பாத்தன், நிறை சரி. வேற உலோகமெண்டா நிறை மாறியிருக்கும். இஞ்ச பாரும், துணி மடிப்புப் பட்ட இடத்திலதான் சிவப்புக் கோடு கோடாக் கிடக்கு. உம்மட மஞ்சள்தண்ணி ஊறின வேலை. அச்சில வந்த பிழையில்ல, பிறகு பட்ட சேதம். பாத்த உடன சொல்லிப்போடலாம்."

"பாத்த உடன தெரியுமெண்டா அவிழ்ப்பானேன்? இனி இவன்ர விசாவுக்கு ஆர் பொறுப்பு? நீங்களோ, உங்கட கண்ணாடியோ?"

கத்திவிட்டேன். வாயை அடக்க முடியவில்லை. போன மாதம்தான் கஜீவனின் விண்ணப்பத்தை மறுபடியும் தள்ளியிருந்தார்கள். முதுகிலுள்ள தீச்சூட்டுத் தழும்புகள் ஊரில் தடுப்பு முகாமில் பட்டவை என்று அவன் சொன்னதை விசாரித்த அதிகாரி ஏற்கவில்லை. ஏதாவது விபத்தில் வந்திருக்கலாமாம், தோல் வருத்தத்தாலும் வந்திருக்கலாமாம். பார்த்த டொக்டரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

கஜீவன் என்னைப் பார்க்கவில்லை. காசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், நிச்சயமாச் சொல்லுறியளோ? தானா வந்ததில்ல, பட்டதுதான் எண்டு?"

"ஓம். நூறு வீதம். இதில என்ன சந்தேகம்?"

"எழுதித் தருவியளோ?"

கேதீசுக்கு விளங்கவில்லை. "ஆருக்கு? காசுக்கோ?"

கஜீவன் கோப்பையை வைத்தான். எழுந்து கதிரையைத் திருப்பிப் போட்டான். சேர்ட்டைக் கழற்றினான். எங்களுக்கு முதுகைக் காட்டி, விளக்கடியில் உட்கார்ந்தான்.

"இதையும் ஒருக்காப் பாருங்கோ."

கேதீஸ் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். அவருடைய கை விளக்கை அணைக்கப் போனது.

"விடுங்கோ அத்தான். வெளிச்சம் இருக்கட்டும்."

நான் தூக்கி வளர்த்த முதுகு அது. இவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்ததேயில்லை. ஒரே அளவான சின்ன வட்டங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, கோணாமல், இடுப்புவரை இறங்கிப் போயின.