கடன் கொடுத்தோர் பட்டியல், வரிசை எண் 47

1

இந்தக் கதை எனக்குப் பதிவுத் தபாலில் வந்தது. மூன்று புத்தகம் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கும் பதிவுத் தபாலில் எதுவும் வந்ததில்லை. ஆகவே தபால்காரர் கவரை நீட்டியதும் விருதுதான் என்று முடிவு செய்து, கையெழுத்தைக் கொஞ்சம் அலங்காரமாகவே போட்டேன். உள்ளே கோர்ட்டு நோட்டீஸ். செந்தூர்பாண்டி என்பவர் தம்மைத் திவாலானவராக அறிவிக்கக் கோரி மனு செய்திருக்கிறார்; அவருக்குக் கடன் கொடுத்தோரில் நான் வரிசை எண் 47; தொகை ஐந்நூற்றொரு ரூபாய்; ஆட்சேபம் இருந்தால் ஆஜராகவும்.

ஊரில் இதற்கு மஞ்சக் கடுதாசி என்று பேர். (காகிதம் வெள்ளைதான். பேர் மட்டும் இன்னும் வெளுக்கவில்லை.)

எனக்கு இதுவரை யாரும் கடன்பட்டதில்லை, பதிப்பாளரைத் தவிர. உடனே கதை எழுத உட்கார்ந்தேன். ஒரு மனிதன் நொடித்துப்போனால் எழுத்தாளனுக்கு வரும் உற்சாகம் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு நரகம் கட்டவேண்டும்.

2

முதல் தொடக்கம்: "துறைமுகத்தின் கிரேன்களுக்குப் பின்னால் சூரியன்..."

வேண்டாம். சூரியன் இந்த மனுவில் கட்சிக்காரர் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "கொற்கையில் முத்து விற்ற காலந்தொட்டே இந்தக் கரையில் வணிகர்கள்..."

இதுவும் வேண்டாம். தூத்துக்குடி என்று எழுதினாலே பேனாவிலிருந்து முத்து உருண்டுவிடுகிறது. இந்தக் கதையில் முத்து, முத்துக்கனி என்ற பேரில் மட்டும் வருகிறது. அவர் செந்தூர்பாண்டியின் மனைவி.

மூன்றாவது, நேராக: செந்தூர்பாண்டிக்கு இரண்டு டிரெய்லர் லாரிகள் இருந்தன. துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி குடோன்களுக்குக் கொண்டுபோவார். (நான் பில் போடும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கும் ஓட்டினார். எங்களுக்குள் பழக்கம் அப்படி வந்ததுதான்.) லோடு குறைந்தது, தவணை குறையவில்லை. முதல் வண்டியைக் காப்பாற்ற இரண்டாவதன் மேல் கடன், இரண்டாவதைக் காப்பாற்ற வீட்டின் மேல் கடன். கடைசியில் வண்டி இரண்டையும் ஃபைனான்ஸ்காரன் ஓட்டிக்கொண்டு போனான். அதன்பிறகு முத்துக்கனி முன்கதவைத் திறப்பதே இல்லை; பால் வாங்குவதும் கொல்லைவழிதான். கதவைத் திறந்துவைத்து ஒரு நாள் இருந்தால் போதும் என்று அந்த அம்மாள் சொன்னதற்காகத்தான் அவர் வக்கீலைப் பார்க்கப் போனார்.

3

வக்கீல் ஜெஸ்லின் திரேஸ்புரத்துப் பெண், ஊரே வம்புக்கு வந்தாலும் குரல் உயராது. கடன் கொடுத்தவர்கள் ஒருவர் விடாமல் பட்டியலில் வரவேண்டும், விட்டால் பின்னால் சிக்கல் என்று விளக்கினார். செந்தூர்பாண்டி தலையாட்டிவிட்டுப் போய், மறுநாள் நீளமான ஒரு நோட்டோடு வந்தார். மகள் ஐஸ்வர்யா கல்யாணத்து மொய் நோட்டு.

நிஜக் கடன்காரர்கள் பதினோரு பேர். நோட்டில் இருநூற்று மூன்று பேர்.

மொய் சட்டப்படி கடன் ஆகாது என்றார் ஜெஸ்லின். ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் செலவு வேறு இருக்கிறது என்றார். செந்தூர்பாண்டி யோசித்தார். அவர் வீட்டில் எந்த விசேஷத்துக்குக் கிளம்பும் முன்னும் அந்த நோட்டைப் புரட்டித்தான் கவரில் பணம் வைப்பார்கள். நூற்றொன்று வைத்தவனுக்கு இருநூற்றொன்று, ஒரு நாளும் குறைந்ததில்லை.

"வாங்குனது கடன் இல்லன்னா பொறவு என்ன வக்கீலம்மா, களவா?"

அந்தப் பேர்கள் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்தும்விட்டார். ஜட்ஜ் கேட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று ஜெஸ்லின் டைப் அடிக்கக் கொடுத்தார்.*

* எந்த வக்கீலும் இப்படிச் செய்யமாட்டார் என்று இதைப் படித்த வக்கீல் நண்பர் சொல்கிறார். நோட்டீஸ் என் மேசைமேல் இருக்கிறது. மேலும் ஒரு தகவல்: நோட்டீஸ் செலவுக்குச் செந்தூர்பாண்டி மச்சினன் சிவபாலனிடம் கைமாற்று வாங்கினார். அதனால் சிவபாலனும் பட்டியலில் சேர்ந்தார், எண் 215. அவருக்கு நோட்டீஸ் அனுப்ப இன்னொரு கைமாற்று.

4

இதுவரை சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். இங்கே எண் 12 வருகிறார்.

பிரேமா, செந்தூர்பாண்டியின் ஒரே தங்கை. ஏரலில் பாத்திரக்கடை. மொய் பத்தாயிரம். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம், தாய்மாமன் செந்தூர்பாண்டி. கடை நிறைய ஆள் நிற்கும்போது தபால் வந்தது. பிரேமா நின்றபடியே படித்துவிட்டு முத்துக்கனிக்குப் போன் போட்டார்.

"பத்தாயிரத்துக்கு எங்கண்ணன் என்னைய அத்து விட்டுட்டாம்லா மதினி."

அதோடு வைத்துவிட்டார். மஞ்சக் கடுதாசி கொடுத்தால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஊர் அப்படித்தான் படிக்கும். ஒருத்தர் பேரையும் மறக்கவில்லை என்று சொல்லத்தான் செந்தூர்பாண்டி எழுதினார். அதை அவர் ஒருவர்தான் அப்படிப் படித்தார்.

பத்திரிகை அடித்தாகிவிட்டதாம். முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. முத்துக்கனி இப்போது முன்கதவைத் திறந்து வைத்திருக்கிறார். யாரும் வரவில்லை.

5

(இந்தப் பகுதியை இரண்டு தடவை அடித்துவிட்டேன். எனக்கு அவமானமான பகுதி என்பதால் இருக்கட்டும்.)

போன வாரம் செந்தூர்பாண்டி போன் செய்தார். நீங்கதான் எழுதுகிறவராச்சே, தங்கச்சிக்கு ஒரு லெட்டர் எழுதித் தரமுடியுமா, நான் எழுதினால் அதையும் நோட்டீஸ் என்று நினைப்பாள் என்றார். சரி என்றேன்.

"அன்புள்ள பிரேமா அவர்களுக்கு, தங்கள் அண்ணன் தங்களை..."

"சட்டம் வேறு, உறவு வேறு என்பதைத் தாங்கள்..."

ஒன்றும் தேறவில்லை. சொன்னால் சொன்ன நேரத்தில் லெட்டர் எழுதத் துப்பில்லாதவன், கதை எழுதுவதையே கதையாக்கி மீபுனைவு என்கிறான். இந்தக் கதை அப்படி வந்ததுதான்.

அன்று அவரிடம் போனை வைக்குமுன் ஒன்றைச் சொன்னேன். மூன்று வருஷமாகச் சொல்லாதது. ஐஸ்வர்யா கல்யாணத்தன்று என் கையில் காசில்லை. மொய் எழுதிய டேவிட்சன் என் ஆபீஸ்காரன். ஐந்நூற்றொன்று எழுதிக்கொள், சாயங்காலம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை. எண் 47-ஐ எடுத்துவிடச் சொல்லுங்கள், நான்தான் உங்களுக்குக் கடன் என்றேன்.

செந்தூர்பாண்டி சொன்னார்:

"அன்னைக்கே தெரியும் தம்பி. எண்ணிப் பாத்தோம்லா, ஐந்நூத்தொண்ணு குறைஞ்சுது. ஆனா வந்து நின்னீங்களே."

6

முடிவு ஒன்று: கோர்ட்டில் எண் 12 என்று கூப்பிடுகிறார்கள். பிரேமா பத்திரிகைத் தட்டோடு உள்ளே வர, ஜட்ஜ் கண்ணாடியைத் துடைக்க... கூசுகிறது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஏரல் கல்யாண மண்டபத்தில், கூப்பிடாமலே போன தாய்மாமன், மேடையைப் பார்த்தபடி வாசலில்... இதை எழுத எனக்கு மனமில்லை.

மூன்றாவதை நான் எழுதக்கூடாது. நானும் வழக்கில் ஒரு கட்சி.

ஆகவே, பிரேமா அக்கா, இது உங்களுக்கு. மற்றவர்கள் இதுவரை ஓசியில் படித்தார்கள். ஒரு பைசா கொடுக்காத என் பேரையே வெட்ட மனம் வராத மனிதர் உங்கள் அண்ணன். உங்கள் பேரை வெட்டுவதற்காகவா எழுதியிருப்பார்? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். லெட்டர் கொஞ்சம் நீண்டுவிட்டது. என் எழுத்தில் உள்ள குறை என்று விமர்சகர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

இதோடு ஒரு கவரில் ஐந்நூற்றொன்று வைத்திருக்கிறேன். நேரில் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். அந்தப் பக்கம் போனால் கொடுத்துவிடுங்கள்.

முன்கதவு திறந்துதான் இருக்கிறது.