நட்சத்திரக் குறி போட்ட கட்டம்

இருதயநாதனின் மேஜையில் ஒரு கண்ணாடிக் கேடயம் இருந்தது. ‘நூறு சதவீதம் ஆன்லைன்’ என்று தங்க நிற எழுத்தில் போட்டிருக்கும். திண்டுக்கல்லில் சான்றிதழ்கள் கொடுக்கும் ஒரு அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் செக்‌ஷனை இரண்டு வருஷமாகக் கட்டி மேய்ப்பவர் அவர்தான். யாராவது காகிதத்தில் மனு எழுதிக்கொண்டு வந்தால் போச்சு. “இதெல்லாம் இப்ப இல்லம்மா, எல்லாம் ஆன்லைன்” என்பார். ஏதோ இவரே ராத்திரி பகலாக உட்கார்ந்து கண்டுபிடித்த மாதிரி ஒரு மிதப்பு வேறு.

கேடயத்தின் லட்சணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். விண்ணப்பத்தில் மொபைல் நம்பருக்கு ஒரு கட்டம் உண்டு. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி. அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. போனே இல்லாதவர்களை என்ன செய்வது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் இல்லை. இன்றைக்கு எத்தனை ஏற்றினாய் என்று மட்டும் சாயங்காலம் தவறாமல் கேட்டார்கள். மகா புத்திசாலியான இருதயநாதன் ஒரு வழி கண்டுபிடித்தார். போன் இல்லாதவர்கள் எல்லாருக்கும் தன் நம்பரையே போட்டார். ஓடிபி வரும், அடிப்பார், வேலை முடிந்தது. புண்ணியம் சேர்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டார்.

அவருடைய போன் ஓயாமல் கிணுகிணுத்தது. ஒருநாள் சாப்பிடும்போது மனைவி ஆனந்தமேரி கேட்டாள்:

“யாருங்க அது, இம்புட்டு மெசேஜ் அனுப்புறது?”

“கவர்மெண்டு.”

“கவர்மெண்டுக்கு உங்க மேல அம்புட்டுப் பாசமா?”

அன்றைக்கே மெசேஜ் சத்தத்தை அணைத்துவிட்டார். ஓடிபியைத் தவிர எதையும் திறந்து பார்ப்பதும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பொன்னழகு ஐந்தாவது தடவையாக வந்து நின்றாள். வடமதுரைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரி. புருஷன் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இறந்து நாலு மாதம் ஆகிறது. மகள் தமிழ்மதிக்கு மதுரையில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு டிரஸ்ட் விடுதியில் இடம் கொடுக்கிறது. இறப்புச் சான்றிதழை வைத்தால்தான் இடம். விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை.

“இன்னைக்கு அஞ்சு மணிதான் சார் கடைசி,” என்றாள்.

“மெசேஜ் வரும்னு சொன்னேன்ல?” இருதயநாதன் அலுத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டினார். “ஏம்மா, சான்றிதழ் ரெடியாகி மூணு மாசம் ஆச்சு. மெசேஜும் போயிருச்சுன்னு காட்டுதே. நீங்க பாக்கலையா?”

“எங்கிட்ட ஏது சார் போனு? இருந்தது அவரோடது. ரீசார்ஜ் பண்ணாம அதுவும் போச்சு. எந்த நம்பருக்குப் போச்சுன்னு செத்த பாத்துச் சொல்லுங்க. அவுகளப் போயாவது கேக்குறேன்.”

“எழுதிக்கங்க,” என்று ஜம்பமாக ஆரம்பித்தார். “தொண்ணூத்தி நாலு... நாப்பத்தி மூணு...” அடுத்த இரண்டு எண் வாய்க்குள்ளேயே நின்றது.

வரிசையே அவரைப் பார்த்தது. ‘சர்வர் கோளாறு’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு வருஷமாக அவருக்குச் சோறு போட்ட வார்த்தை. ஆனால் வெயிலில் வந்து வியர்த்து நிற்கிறவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“என் நம்பர்தாம்மா,” என்றார்.

பின்னால் நின்ற கன்னிவாடி வேலுசாமி எட்டிப் பார்த்தார். “அப்ப எனக்கு வரவேண்டிய மெசேஜும் உங்க பைக்குள்ளதான் கெடக்கா?”

“நாளைக்குக் காலையில எல்லார் பேரையும் லிஸ்ட் எடுத்துச் செவுத்துல ஒட்டிர்றேன்ணே. இப்ப வழிய விடுங்க!”

சான்றிதழை அச்செடுத்து, பொன்னழகைத் தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பேகம்பூர் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று திரும்பினார். அங்கே பள்ளிவாசல் பக்கம் வெள்ளிக்கிழமைக் கூட்டம். போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார். பொன்னழகு ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திண்டுக்கல்லிலேயே இருந்த டிரஸ்ட் ஆபீசுக்குள் நுழையும்போது மணி நாலே முக்கால். நான்சி என்ற பெண் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பேர், ஊர், மார்க் எல்லாம் மளமளவென்று ஏறியது. இருதயநாதனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“மொபைல் நம்பர் சொல்லுங்கம்மா.”

“போன் இல்லையே தாயி.”

“ஐயோ, இதுல ஸ்டார் போட்டிருக்கும்மா. நிரப்பலைன்னா அடுத்த பக்கம் போகாது. இடம் கிடைச்சா அந்த நம்பருக்குத்தான் மெசேஜ் வரும்.”

இருதயநாதன் சுவரில் இருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் படித்தார். மணி நாலு ஐம்பத்திரண்டு. பொன்னழகு திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வேற என்ன செய்ய? சார் நம்பரையே போடு தாயி,” என்றாள். “ஆனா ஒண்ணு. மெசேஜ் வந்தா எடுத்துப் பாத்து, அன்னைக்கே எங்க ஊருக்கு வந்து சொல்லுவேன்னு ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லு.”

நான்சி சிரித்துவிட்டாள். இருதயநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்த போனை எடுத்து முதலில் மெசேஜ் சத்தத்தை மறுபடி போட்டு வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, எழுத ஆரம்பித்தார்.