இயற்கை பார்க்கத் துடக்கில்லை

புஷ்பராணிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கோயிலில் போய் நிற்க வேண்டும். ஒஸ்லோவில் அது நடக்கிற காரியமில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவளும் கோயிலுக்குப் போகிறாள். கண்ணை மூடிக் கும்பிடத் தொடங்கினால் போதும், "ராணியக்கா, சமையலுக்கு ஆளில்லை, ஒருக்கா வாங்கோ" என்று யாராவது தோளைத் தட்டுவார்கள். அங்கே அவள் கடவுளைப் பார்த்ததைவிடப் பூசணிக்காயைப் பார்த்ததுதான் அதிகம்.

முழங்கால் ஒப்பரேஷன் செய்து ஆறு கிழமை வீட்டில் கிடந்தபோது யூடியூப்பில் ஜாகேஸ்வரைக் கண்டாள். இமயமலை அடிவாரத்தில் அல்மோரா மாவட்டம். தேவதாரு மரங்களுக்கு நடுவே நூற்றுக்கு மேற்பட்ட கற்கோயில்கள், சின்னதும் பெரியதுமாக, எப்போதோ கட்டியவை. ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கவில்லை. நிர்வாகசபை கண்ணில் படவில்லை. வீடியோவில் வந்த ஒருவர்கூடக் காய் நறுக்கவில்லை. அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

கணவர் சபாரத்தினத்தைச் சம்மதிக்க வைக்க ஒரு வருஷம் பிடித்தது. "மலையும் குளிரும் பாக்கிறதுக்கு நோர்வேயிலை இருந்து இந்தியாவுக்குப் போற முதல் ஆக்கள் நாங்கள்தான்" என்றார் அவர். ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் பத்தாம் மாடியில் இருந்துகொண்டு, யன்னலுக்கு வெளியே கொட்டுகிற பனியைப் பார்த்தபடி சொன்னார். கடைசியில் மகள் ஜெனிதா நகரின் மறுகோடி பியோர்ண்டாலிலிருந்து வந்து, விமானம், ஹோட்டல் எல்லாவற்றையும் பதிந்து முடித்த காகிதத்தை மேசையில் வைத்தாள். அச்சடித்த காகிதத்தோடு சபாரத்தினம் ஒருநாளும் வாதாடுவதில்லை.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பேர்கன் நகரில் இந்திரகுமார் செத்துப்போனான்.

இந்திரகுமார், சபாரத்தினத்தின் சித்தப்பா மகன். நோர்வேக்கு வந்த புதிதில் இரண்டு வருஷம் இவர்கள் வீட்டு ஹோலில்தான் படுத்தான். புஷ்பராணி அவித்த புட்டைச் சாப்பிட்டு, மொழி படித்து, வேலை தேடி, கல்யாணம் கட்டி, பேர்கனுக்குப் போனான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று வந்தவன், நாற்பது பேருக்கு முன்னால், "அண்ணை, குசினி பிழையான திசையிலையெல்லோ கிடக்கு" என்று சொல்லிவிட்டான். பத்தாம் மாடியில் சமையலறையைத் திருப்பி வைக்க வழியில்லை என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாதா? "எனக்கு அப்பிடி ஒரு தம்பி இல்லை" என்றார் சபாரத்தினம். அதோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு அறுந்தது. குசினி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பேர்கனிலிருந்து தமிழ்ச் சங்கத்து ஆள் ஒருவர் தொலைபேசியில் செய்தியைச் சொன்னார். சபாரத்தினம் "ஓம்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஓம்". வைத்துவிட்டு, மிச்சமிருந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவினார். சாமிப் படங்கள் இருந்த தட்டின் திரையை இழுத்து மூடினார்.

அந்தத் திரை மூடினால் என்ன அர்த்தம் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. துடக்கு. செத்தவரின் தகப்பன்வழிச் சொந்தம் முப்பத்தொரு நாளைக்கு விளக்கேற்றக் கூடாது, கோயில் படி மிதிக்கக் கூடாது. கட்டிய பெண்சாதிக்கும் அதே சட்டம்தான்.

"தம்பி இல்லையெண்டு சொன்னனீங்கள். இல்லாத தம்பிக்கு என்ன துடக்கு?" என்றாள் புஷ்பராணி.

"அது வேறை, இது வேறை."

"எது வேறை?"

"கோவம் வேறை. துடக்கு வேறை."

இந்தத் தத்துவத்தோடு மல்லுக்கட்ட முடியாமல் அவள் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள். ஐயர் உலகம் தெரிந்தவர். "வெளிநாட்டிலை கனபேர் பத்து நாளோடை கழிக்கினம், அம்மா. சித்தப்பான்ரை மகன்தானே? சுவாமிக்கு விளங்கும்" என்றார். புஷ்பராணி விரலை மடக்கிப் பார்த்தாள். ஜாகேஸ்வருக்குப் போவது பதினேழாம் நாள். அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது, முழங்கால் விடவில்லை.

"முப்பத்தொண்டு" என்றார் சபாரத்தினம், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கந்தசஷ்டி விரதத்தை இரண்டாம் நாள் மத்தியானமே பால்தேத்தண்ணியோடு முடிக்கிற மனுஷன் இவர். கல்யாண வீட்டில் தாலி ஏறுமுன் பந்தியில் இருப்பவர். ஆயுளில் முதல் தடவையாக ஒன்றை முழுசாகச் செய்யப் போகிறாராம், அதற்கு அவளுடைய ஜாகேஸ்வர்தானா கிடைத்தது?

"அப்ப செத்த வீட்டுக்காவது போங்கோவன்."

"ஆரும் வரச்சொல்லேல்லை."

"செத்த வீட்டுக்கு ஆர் அழைப்புக் காட் அடிக்கிறது?"

பேர்கனில் தகனம் நடந்த அன்று காலை, அவர் கீழே இறங்கிப் போய்க் காரின் கண்ணாடியிலிருந்த ஐஸைச் சுரண்டினார். ஒரு மணித்தியாலம் சுரண்டினார். நாலு பக்கமும் சுத்தமாக்கி முடித்துவிட்டு, காரை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்துவிட்டார்.

வழி கண்டுபிடித்தவள் ஜெனிதா. "அம்மா, உங்கட லீவை இனி மாத்தேலாது. நீங்கள் வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை லீவுப் பட்டியல் எல்லாம் முடிஞ்சுது. கோயிலை விடுங்கோ. மலை, காடு பாக்கிற பயணம் எண்டு நினைச்சுப் போட்டுவாங்கோ."

சபாரத்தினம் யோசித்தார். "இயற்கை பாக்கத் துடக்கில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்படித்தான் அல்மோரா மாவட்டத்தின் பழம்பெரும் கோயில்கள் எல்லாவற்றையும் அவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள். கட்டார்மல் சூரியன் கோயிலுக்கு மூச்சிரைக்க மலையேறிப் போய், வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது திரும்பி நின்று, எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். சித்தையில் ஆயிரக்கணக்கான மணிகளும், சாமிக்கு எழுதிய மனுக்களும் தொங்குகிற கோயில் ஒன்று உண்டு. அதை வீதிக்கு இந்தப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து பார்த்தார்கள். வாடகைக் கார்க்காரன் மூன்று நாள் இதைக் கவனித்தான். நாலாம் நாள், யாரும் கேட்காமலே, அவர்களை ஒரு மாதா கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கி அன்பாகச் சிரித்தான். துடக்கு கர்த்தருக்கும் பொருந்துமா என்று சபாரத்தினத்துக்கு நிச்சயமில்லை. அங்கேயும் வெளியிலேயே நின்றார்.

பின்சாரில் மட்டும் தடையேதும் இல்லை. முகில் விலகி நந்தாதேவியும் திரிசூலும் வெள்ளைவெளேரென்று தெரிந்தன.

"பேர்கன் ரயிலிலை போகேக்கையும் இப்பிடித்தான் தெரியும்" என்றார் சபாரத்தினம். சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் திறக்கவில்லை.

அடுத்த நாள் ஜாகேஸ்வர். வீடியோவில் வந்தது பொய்யில்லை. வானம் தெரியாமல் தேவதாரு நின்றது. மதிலுக்கு உள்ளே கருங்கல் கோபுரங்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. சனமும் அதிகமில்லை. ஒரு கிழவர் தன்பாட்டுக்குச் சுற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவருடைய தோளைத் தட்டவில்லை. புஷ்பராணி வாசலுக்கு வெளியே நின்று பார்த்தாள். ஒரு வருஷமாகக் காத்திருந்து, மூன்று விமானம் ஏறி வந்து, பத்தடி தள்ளி நிற்கிறாள்.

சபாரத்தினம் மதிலோரக் கல்லில் இருந்தார். "நீர் போம், ராணி" என்றார். "ஐயர் பத்து நாளெண்டவர்தானே. உமக்குப் பத்து. எனக்கு முப்பத்தொண்டு."

"அதேன் உங்களுக்கு மட்டும்?"

அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "செத்த வீட்டுக்குப் போகேல்லை. முகம் பாக்கேல்லை. இதையும் பத்தோடை விட்டால் நான் அவனுக்கு ஒண்டுமே செய்யேல்லை எண்டு போகும்."

புஷ்பராணி ஒரு காலில் சப்பாத்தைக் கழற்றியிருந்தாள். வாசல் திறந்துதான் கிடந்தது. உள்ளே போகலாம், அனுமதி வேறு கிடைத்துவிட்டது. ஆனால் ஹோலில் படுத்துக்கிடந்து, காலையில் "அண்ணி, புட்டு இருக்கோ?" என்று கேட்டவன் நினைவுக்கு வந்தான். இந்தப் பதினேழு நாளில் தான் அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, பயணம் கெட்டதற்குத்தான் அழுதாள் என்பதும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். கைத்தொலைபேசியை எடுத்து, மரண அறிவித்தலில் வந்த, இந்திரகுமாரின் மனைவி ராசமலரின் இலக்கத்தை அழுத்தி, அவருடைய கையில் வைத்தாள். அவர் பயந்துபோய்ப் பார்த்தார். அதற்குள் மறுமுனையில் குரல் வந்துவிட்டது.

"ராசமலர்... சபா அண்ணை கதைக்கிறன்."

"எங்கை நிக்கிறியள் அண்ணை? காத்து இரையுது" என்றாள் ராசமலர்.

"இந்தியாவிலை. ஒரு சிவன் கோயில் வாசலிலை."

"கும்பிட்டனீங்களோ?"

"இல்லை. உள்ளுக்குப் போகேல்லை."

"ஏன்?"

"துடக்கெல்லோ பிள்ளை" என்றார் சபாரத்தினம்.

மறுமுனையில் விம்மல் கேட்டது. ராசமலர் அழுதாள். அழுதுகொண்டே பேசினாள்.

"ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை அவர் சொன்னவர், அண்ணை. 'அண்ணை செத்த வீட்டுக்கு வரமாட்டார். ஆனால் துடக்குக் காப்பார், இருந்து பார்' எண்டு. நான்தான் நம்பேல்லை."

சபாரத்தினம் தொலைபேசியைப் புஷ்பராணியிடம் கொடுத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல ஓவென்று அழுதார். கார்க்காரன் ஓடிவந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி வாங்கப் போனான். உள்ளே பூசை மணி அடிக்கத் தொடங்கியது.

"ராசமலர், முப்பத்தோராம் நாளுக்கு நாங்கள் பேர்கனுக்கு வாறம்" என்றாள் புஷ்பராணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சமையலுக்கு ஆள் பிடியாதை. நான் செய்யிறன்."