மீன்காரம்மா கட்டிய கயிறு

சோலார் பேட்டரியில் நாற்பத்தொரு சதவீதம். காலையில் ஐம்பத்தைந்து இருந்தது. மணி பன்னிரண்டாகியும் மழை விடவில்லை; வானம் கழுவாத பாத்திரம் போலக் கிடந்தது.

தச்சர் மறுபடியும் குட்டி ஃபிரிட்ஜைத் திறந்து எண்ணினார். பத்துப் பால் பாட்டில்கள். மனைவி அறுவை சிகிச்சைக்குப் போகுமுன் எடுத்து வைத்த தாய்ப்பால். நாளை மாலை அவள் திரும்பும்வரை இரண்டு மாதக் குழந்தைக்கு இதுதான் ஆகாரம். மாவுப்பால் கொடுத்துப் பார்த்தாயிற்று. குடித்ததெல்லாம் அவர் தோளுக்கே திரும்பி வந்தது. மின்கம்பி இன்னும் எட்டாத தெரு அது. கூரைமேல் இருந்த ஒற்றை சோலார் தகடுதான் கதி.

மின்விசிறியை நிறுத்திவிட்டார். ஃபிரிட்ஜில் இருந்த மற்றதையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டார். அப்படியும் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்துக்கொரு முறை பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் குளிர் குறைந்த மாதிரியே பட்டது.

அழுகை கேட்டுக் கீழ்வீட்டு மீன்காரம்மா மாடியேறி வந்தாள். தச்சர் குறுகிப்போனார். போன மாதம்தான், படிக்கட்டின் அடியிலிருந்த அவளுடைய ஐஸ்பெட்டி நாறுகிறது என்று சண்டை போட்டு, அதைத் தெருவுக்குத் தள்ள வைத்திருந்தார்.

"என்ன தம்பி, பிள்ளை இந்தக் கத்து கத்துது?"

விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே கை ஃபிரிட்ஜின் கதவுக்குப் போயிற்று.

"முதல்ல கையை எடுங்க. காலையிலேருந்து எத்தனை தடவை திறந்தீங்க?"

"எண்ணலைக்கா."

"நான் இப்படித் திறந்து பார்த்துட்டிருந்தா என் மீனெல்லாம் எழுந்து நடந்தே போயிடும். உள்ள வேற என்ன இருக்கு?"

"பால் மட்டும்தான்."

"அதான். காலிப் பெட்டி. திறக்கிறப்பல்லாம் குளிர் மொத்தமா வெளிய போயிடுது. அதுவும்தான் எவ்வளவு ஓடும், பாவம்."

கீழே போய், இரண்டு பைகளில் ஐஸ் கட்டிக் கொண்டுவந்தாள். "புதுப் பைதான். வேணும்னா மோந்து பாருங்க."

அவர் தலை நிமிரவில்லை. "உங்க வியாபாரத்துக்கு ஐஸ் வேணாமாக்கா?"

"விலையைக் குறைச்சா மீன் ஒரு மணி நேரத்துல வித்துடும். பிள்ளை பசிக்கு அப்படி முடியுமா?"

பாட்டில்களுக்கு இருபுறமும் பைகளை அடுக்கினாள். பின்பக்கச் சூடு வெளியேற, ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினாள். கதவைச் சுற்றிக் கயிறு கட்டி முடிச்சுப் போட்டாள்.

"பால் எடுக்க மட்டும் அவிழ்க்கணும்."

சற்று நேரத்தில் மோட்டார் நின்றது. தச்சரின் கை கயிற்று முடிச்சுக்குப் போயிற்று. "நின்னுபோச்சுக்கா."

"குளிர் நிறைஞ்சா நிக்கத்தான் செய்யும். உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. கீழே போய், மழையில் நனைந்துகொண்டிருந்த ஐஸ்பெட்டியை இழுத்துவந்து படிக்கட்டின் அடியில் வைத்தார். ஆண்டவன் உதவி அனுப்பும்போது நமக்குப் பிடித்த ஆளாகப் பார்த்து அனுப்புவதில்லை.

மறுநாள் மாலை மனைவி வந்தபோது ஒரு பாட்டில் மிச்சமிருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஃபிரிட்ஜுக்கு எதுக்குங்க கயிறு?" என்றாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். "படிக்கட்டுல மறுபடியும் மீன் வாசனை வருதே."

"வரட்டும்," என்றார் தச்சர்.