நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோன உண்ணி

வடிவு ஓர் உண்ணியைக்கூடச் சும்மா சாகவிடவில்லை. செவலைப் பசுவின் காது மடலிலிருந்தும் மடிச் சந்திலிருந்தும் பிடுங்கியதைச் சட்டியில் இருந்த தணலில் ஒவ்வொன்றாகப் போட்டாள். அது பட்டென்று வெடிக்கிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்ததும், "குடிச்சியே, கக்கு! என் கன்னு ரத்தம் இனிச்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தாள்.

அவள் கோபம் நியாயமான கோபம்தான். யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் அது. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த அவள் புருஷன் ஆனந்தன், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, அம்பத்தூர் ஏரிக்குப் போகிற வழியில் ஓட்டு வீடு ஒன்று கட்டியிருந்தான். பின்னால் விசாலமான தோட்டம். குடிவந்து சில வாரத்தில் செவலைப் பசு தலைச்சன் கன்று போட்டது, அதுவும் கிடாரி. ஸ்டேஷன் மாஸ்டர் வீடு முதல் மளிகைக்கடைக்காரர் வீடு வரை பாலுக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். வடிவுக்குத் தலைகால் புரியவில்லை.

யார் கண் பட்டதோ, தோட்டமெல்லாம் உண்ணி. சுவர் இடுக்கில் உண்ணி, சாணி மெழுகிய தரையில் உண்ணி, உதறிக் காயப்போட்ட புடவை மடிப்பில் உண்ணி. கன்று காது தொங்கி, பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் விறைத்துப் போயிருந்தது. வடிவு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு அழுவதுபோல் அழுதாள்.

கன்று இல்லாமல் செவலை பால் சுரக்கவில்லை. கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்தினார்கள். முதலில் அதை ஆசையாக நக்கிய செவலை, பிறகு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்த ஆரம்பித்தது. மடி நாளுக்கு நாள் சுருங்கியது. சீக்கிரம் வேறு கன்று கிடைக்காவிட்டால் பால் அடியோடு வற்றிவிடும். அடுத்த ஈற்றுவரை வீட்டில் வெறும் தொழுவம்தான்.

அன்றிலிருந்து வடிவுக்கும் உண்ணிக்கும் சண்டை. தோட்டம் முழுக்க வைக்கோலைப் பரப்பிக் கொளுத்தினாள். சுவர் வெடிப்பிலெல்லாம் சுண்ணாம்பை அடைத்தாள். புகையிலையை ஊறவைத்த தண்ணீரைத் தெளித்தாள். கோழிகளை வாங்கி மேயவிட்டாள். கோழி கொத்தித் தின்பதைப் பார்க்கும்போதும், "மெதுவா தின்னுடி, துடிச்சுச் சாவட்டும்" என்று சொன்னாள். ஆனந்தன் மிரண்டுபோனான்.

ஒருநாள் பக்கத்து வீட்டு நாகப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, இந்த மனையில ஆடு மாடு நின்னதே கெடையாது. வெறும் கள்ளிதான் மொளச்சிகினு இருந்துச்சு. எங்கேருந்து வந்துச்சு இத்தினி உண்ணி?" என்றான்.

வடிவு தணல் சட்டியைக் கீழே வைத்தாள். வேறு எங்கிருந்து? புதுமனை புகுகிற அன்றைக்குக் கன்றும் பசுவுமாக வீட்டுக்குள் அழைத்துப் போக வேண்டும் என்று, பூந்தமல்லியிலிருந்து நாத்தனார் தாட்சாயிணி தன் மயிலைப் பசுவைக் கன்றோடு அனுப்பியிருந்தாள். வியாழக்கிழமை விசேஷம். வெள்ளிக்கிழமை மகாலட்சுமியை வீட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது, சனிக்கிழமையும் ஆகாது என்று ஞாயிற்றுக்கிழமை வரை மயிலை இதே தோட்டத்தில்தான் நின்றது.

"அந்த மாட்டு மேல உண்ணி இருந்துச்சாண்ணே?" என்று வடிவு கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மஞ்சள் குங்குமம் வைக்கும்போது மயிலையின் காதடியில் ஆமணக்கு விதை மாதிரி பருத்துத் தொங்கின. அவள்தான் பிடுங்கினாள். புது வீட்டில் நல்ல நாளும் அதுவுமாக ஓர் உயிரைக் கொல்லக் கூடாதே என்று, நசுக்காமல், சுவரோரமாக எறிந்தாள்.

"பருத்த உண்ணி அத்தினியும் சினை உண்ணிமா. ஒண்ணு கீழ வுழுந்தா ஒரு ஊரே கெளம்பும்" என்றான் நாகப்பன்.

வடிவின் வலது கை தானாக முந்தானையில் துடைத்துக்கொண்டது. ஒரு கணம்தான். எறிந்தது யார் கையாக இருந்தால் என்ன, அனுப்பினது யார்? விசேஷத்தன்று நாலு பேர் முன்னால், "இன்னா தம்பி, ஓடு கோணலா கீது?" என்று கேட்டவள் அல்லவா அந்தத் தாட்சாயிணி? பொறாமை பிடித்தவள். வேண்டுமென்றேதான் உண்ணி மாட்டை ஓட்டிவிட்டிருப்பாள். வடிவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருடி, என் தொழுவம் காலியான மாதிரி உன் தொழுவமும் காலியாகட்டும் என்று கறுவினாள்.

அப்புறம் வந்த நாளெல்லாம் பிடுங்கின உண்ணியில் பருத்ததை மட்டும் தணலில் போட்டாள். இன்னும் பசியோடு இருந்த சின்ன உண்ணியையெல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்த்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஆனந்தனிடம், "அண்ணிய பாத்து ரொம்ப நாளாச்சு, போய்ட்டு வரேன்" என்றாள். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். விடிந்ததும் காய்கறி ஏற்றிப்போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

பூந்தமல்லியில் தாட்சாயிணி வாசலுக்கே ஓடிவந்தாள். "வாடி வடிவு, இன்னா இப்படி எளச்சிப் போய்ட்ட? பின்னால போய் கை கால் கழுவிகினு வா, சோறு போடறேன்" என்று அடுக்களைக்குள் போனாள்.

கொல்லையில் யாரும் இல்லை. தொழுவத்தில் மயிலை அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஓரமாக அதன் கிடாரிக் கன்று தனியாகக் கட்டியிருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பளபளவென்று உடம்பு. வடிவைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. அந்தத் துள்ளல்தான் வடிவுக்குப் பொறுக்கவில்லை. "என் கன்னு மண்ணுக்குப் போச்சு, நீ மட்டும் துள்றியா?" என்று பல்லைக் கடித்தபடி துணியை அவிழ்த்தாள். அதன் முதுகிலும் காதிலும் டப்பாவைத் தட்டித் தட்டிக் கவிழ்த்தாள். கன்று அவள் கையை நக்கியது. விலக்கிவிட்டுப் போய்க் கை கழுவினாள்.

சோறு தொண்டையில் இறங்கிற்று, நன்றாகவே இறங்கிற்று. வஞ்சம் தீர்ந்த வயிறு அல்லவா, இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் தாட்சாயிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி சொல்லி அனுப்பிச்சான்டி, கன்னு பூட்டுதுன்னு. எனக்கு சோறே எறங்கல. காலையிலதான் அவன்கிட்ட ஆள் அனுப்பினேன், நீயே வந்துட்ட. மயிலைக்கு பால் வத்திப் போச்சு, கன்னு ஏங்குது. அத நீ ஓட்டிகினு போ. உன் கன்னுத் தோல அது மேல போத்தி வுடு, செவலை சேத்துக்கும்."

தாட்சாயிணி அவளை இழுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள்.

"அன்னிக்கு மாட்டுல உண்ணி இருந்துச்சுன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. அதனால ஒரு வாரமா வேப்பெண்ணெ தடவி, ஒவ்வொண்ணா பொறுக்கி வச்சிகீறேன். காலையில கூட சல்லடை போட்டுப் பாத்தேன், சுத்தமா கீது. ஒரு உண்ணி இருந்தா என் மூஞ்சில துப்பு" என்று பெருமையாகக் கன்றின் காதை விரித்துக் காட்டினாள்.

காதுக்குள் கொத்துக் கொத்தாக இருந்தன. தாட்சாயிணி மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கழுத்தில், முதுகில், வால் அடியில். அவள் முகம் வெளிறிற்று.

"அய்யோ, காலையில இல்லியே! என் கண்ணு அவிஞ்சு பூட்டுதா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப உன் கன்னையும் நான்தான் கொன்னுட்டேன் வடிவு. என் கையே தரித்திரம் புடிச்ச கை."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் வடிவு அத்தனை தூரம் வந்தாள். கேட்டுவிட்டாள். காதில் விழுந்தது இனிக்கவில்லை.

"பரவால்ல அண்ணி, நான் பொறுக்கிக்கறேன். குடுங்க" என்றாள்.

"மாட்டேன்டி. மறுபடியும் என் ஊட்டு உண்ணிய உன் ஊட்டுக்கு அனுப்பினா நான் மனுஷியே இல்ல. ஒரு மாசம் வச்சிருந்து, சுத்தம் பண்ணி, நானே ஓட்டிகினு வரேன்."

ஒரு மாசத்தில் செவலையிடம் ஒரு சொட்டுப் பால் இருக்காது. அது வடிவுக்குத் தெரியும். கன்று சுத்தமாகத்தான் இருந்தது அண்ணி, நான்தான் கொட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கயிறு கைக்கு வந்துவிடும். வாயைத் திறந்தாள். எதிரே தாட்சாயிணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வடிவு வாயை மூடிக்கொண்டாள்.

பொழுது சாய வீடு வந்து சேர்ந்தபோது செவலை கத்திக்கொண்டிருந்தது. ஆனந்தன் வாசலிலேயே நின்றான். "இன்னா, வெறுங்கையா வர? கன்னு தரேன்னு அக்கா ஆள் வுட்டு சொன்னாளே?"

"உண்ணி கீதாம். இப்ப தர மாட்டாங்களாம்."

"அப்பிடியா?" ஆனந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு! கூடப் பொறந்தவளா அவ? கன்னத் தர மனசில்லாதவ உண்ணி மேல பழி போடறா. இனிமே அந்த ஊட்டு வாசப்படி மிதிச்சேன்னா என்ன என்னான்னு கேளு!"

வடிவு பால் செம்பை எடுத்துக்கொண்டு செவலையிடம் போய் உட்கார்ந்தாள். மடியைப் பிடித்து இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. வாசலில் அவன் இன்னும் அக்காளைத் திட்டிக்கொண்டிருந்தான். அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.