பிக்கப்புக்கு வைத்த காற்றுக்குழாய்

நிலத்தடி நீர்த் துறை ஏலத்தில் விட்ட பழைய பிக்கப்பை, ஓய்வுபெற்ற சர்வேயர் எடுத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அதை எங்கே படுக்க வைப்பதாக உத்தேசம் என்று மட்டும் மனைவி கேட்டாள். அவரோ இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டியில் மேடு பள்ளமெல்லாம் அலைந்து தண்ணீருக்கு இடம் குறித்தவர். அது பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வண்டியின் பழைய டிரைவருக்குப் போன் போட்டார். யார் அவசரப்படுத்தினாலும் அசையாத மனுஷன் என்பதால் ஆபீஸ் முழுக்க அவருக்கு நிதானம் என்றே பெயர். இடுப்பில் ஆபரேஷன் ஆகி இப்போது மகள் வீட்டோடு இருந்தார். செய்தியைக் கேட்டதும், கிளட்ச் இன்னும் முரண்டு பிடிக்கிறதா என்று விசாரித்தார்.

அவரைப் போய் ஏற்றிக்கொண்டு சர்வேயர் ஓட்ட, வண்டியைப் புதுப்பிக்க இருவரும் காட்டுப்பாதை வண்டிகளுக்குச் சாமான் மாட்டும் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் பானெட்டைத் திறந்து பார்த்து, எஞ்சின் கல்லு மாதிரி இருப்பதாகச் சொன்னாள். சேற்றில் வழுக்காத முரட்டு டயர், புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச், கூரைமேல் நீள லைட், வண்டியை இரண்டங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

ஒவ்வொன்றுக்கும் நிதானத்திடம் ஒரு கதை இருந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு வின்ச் என்றால் சாருடைய தோள்தான் என்றார். சேற்றில் மாட்டிய சக்கரத்துக்கு வரைபடப் பலகையை முட்டுக் கொடுத்ததையும், மறுநாள் டயர் தடம் பதிந்த அதே பலகையோடு போய் சார் பெரிய அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொன்னபோது, அவள் வேலையை மறந்து சிரித்தாள். ரேடியோ பாட டாஷ்போர்டில் இரண்டு பேரும் சேர்ந்து குத்தவேண்டியிருந்ததைச் சர்வேயர் சொன்னார்.

அப்புறம் அவள் ஒரு கறுப்புக் குழாயை எடுத்து வந்தாள்.

“இது ஸ்நார்க்கல்ண்ணா. எஞ்சினுக்குக் காத்தைக் கூரை உயரத்துல இருந்து எடுத்துக் குடுக்கும். ஆத்துல இறங்கினாலும் எஞ்சின் தண்ணி குடிக்காது.”

நிதானம் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். வண்டி வந்த நாலாம் வருஷம், பெருக்கெடுத்த ஓர் ஆற்றின் கரையில் நிதானம் வண்டியை நிறுத்தி, குச்சியால் ஆழம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். சாயங்காலத்துக்குள் அறிக்கை கொடுத்தாகவேண்டும் என்று சர்வேயர் விடாப்பிடியாக இறக்கச் சொன்னார். நடு ஆற்றில் எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றது. டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிய காகிதத்தில் சர்வேயரும் கையெழுத்துப் போட்டார். நிதானத்துக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன்.

“இதை முதல்ல மாட்டும்மா,” என்றார் சர்வேயர். பிறகு நிதானத்தின் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு இறக்கச் சொன்னது நான். விசாரணையில வாயே திறக்கல.”

நிதானம் குழாயைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும் சார். பக்கத்துலதானே இருந்தேன்.”

“ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா என்னை வேற வண்டிக்கு மாத்திருப்பாங்க. மூணு மாசம் வீட்ல இருந்ததுல சின்னவ நடக்கப் பழகினதையாவது பாத்தேன். ஆனா கோவம் இருந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். ரெண்டு வருஷம் இருந்துச்சு. அந்த ரெண்டு வருஷமும் பள்ளமா பாத்துத்தான் விட்டேன்.”

சர்வேயர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அந்த நாட்களின் முதுகுவலி அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

உயர்த்துகிற ஸ்பிரிங் போடலாமா என்று கடைக்காரப் பெண் கேட்டாள். காலையில் நிதானம் இரண்டு கையாலும் கதவைப் பிடித்து ஏறியதை நினைத்துப் பார்த்த சர்வேயர், அது வேண்டாம், ஏற வசதியாகப் படியும் கைப்பிடியும் வை, என் முட்டி சரியில்லை என்றார். நிதானம் எதுவும் தெரியாதவர் போல, சாருக்கு வயசாகிவிட்டது என்று அவளிடம் வருத்தப்பட்டார்.

வேலை முடியச் சாயங்காலம் ஆனது. சர்வேயர் சாவியை நீட்டினார். டாக்டர் விடமாட்டார் என்று நிதானம் மறுத்து, புதுப்படியில் கால்வைத்து, இத்தனை வருஷம் சர்வேயர் உட்கார்ந்த இடத்திலேயே மறுபடி ஏறி உட்கார்ந்தார். காலையில் வராத மேட்டுச் சாலையின் முதல் வளைவிலேயே கைப்பிடியை இறுக்கிக்கொண்டார்.

“இங்கருந்து பாத்தா ரோடு பயமாத்தான் இருக்கு,” என்றார். “எப்படி சார் இவ்வளவு காலம் தூங்கினீங்க?”

ஓட்டினவரை எனக்குத் தெரியுமே என்று சொல்லிவிட்டு, சர்வேயர் கியரை மாற்றினார்.