நல்ல கிருமி

பூவனலிங்கம் அண்ணாச்சி போனை எடுக்கவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இடைசெவலுக்குத் தெற்கே கிடை போட்டிருப்பதாக நேற்றுத்தான் சொன்னார். வந்து பார்த்தால் வெறும் புழுக்கை கிடக்கிறது. உரத்துக்காகப் புஞ்சை புஞ்சையாக ஆட்டை மாற்றி அடைக்கிறவரைக் கரிசல் காட்டில் எங்கே போய்த் தேட?

தேடித்தான் ஆகவேண்டும். சுற்றுவட்டாரத்தில் குட்டிகளெல்லாம் கழிச்சல் கண்டு செத்தபோது அவர் கிடையில் ஒன்றுகூடச் சாகவில்லை. அங்கே ஒரு மூளிக்காது ஆட்டின் புழுக்கையிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியா, கழிச்சல் கிருமியைக் கண்ணெதிரே ஒழித்துக்கட்டியது. இதையே குட்டிகளுக்குப் புகட்டலாம் என்று தலைகால் புரியாமல் ஆடினேன். கல்லூரி விடுமுறையில் ஆய்வகத்து ஃப்ரீசர் பழுதாகி, அதில் நான் சேமித்து வைத்த பாக்டீரியா அத்தனையும் செத்துப்போயிற்று. இனி அந்த ஆடுதான் கதி.

வழியெல்லாம் விசாரித்து, உளுந்து எடுத்த புஞ்சை ஒன்றில் பிடித்துவிட்டேன். அண்ணாச்சி சிரித்த முகமாக வந்தார்.

"வாங்க அர்ஃபாம்மா. போன்ல சார்ஜ் இல்ல. மூளியத் தனியாக் கட்டி வச்சிருக்கேன்."

கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தேன். ஆட்டின் தொடையில் ஊசி குத்திய தடிப்பு.

"இது என்ன அண்ணாச்சி?"

"போன தடவ கிருமி இருக்குன்னு சொன்னீங்கள்லா. கிருமி புடிச்ச கிடைன்னு தெரிஞ்சா எவன் புஞ்சைக்குக் கூப்பிடுவான்? நேத்து நீங்க வாரேன்னு சொன்னதும் மருந்துக்கடையில கேட்டு எல்லாத்துக்கும் கிருமி சாவுற ஊசி போட்டுட்டேன். இப்ப நல்லாப் பாருங்க, ஒண்ணும் இருக்காது."

கத்திவிடலாம் போலிருந்தது. நல்ல கிருமி என்றுதான் சொல்லியிருந்தேன். கிருமியில் நல்லது ஏது என்று அவர் அதை நம்பவே இல்லை போலிருக்கிறது.

"நான் தேடி வந்ததே அந்தக் கிருமியத்தான். உங்க குட்டிகளக் கழிச்சல் அண்டாமப் பாத்துக்கிட்டதும் அதுதான். இந்த ஊசி அதையும் சேத்துக் கொன்னிருக்கும்."

அவர் முகம் செத்துவிட்டது. குட்டிகளை அடைத்திருந்த குடாப்பின் பக்கம் திரும்பினார். உள்ளே ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"அப்போ இனி இதுகள எது காப்பாத்தும்?" என்றார்.

காப்பாற்றக்கூடியது என் ஃப்ரீசரிலும் இருந்தது, அதை நானும்தான் தொலைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.